சட்டத்தரணி ஆபிரகாம் லிங்கன்

ஆசிரியர் தினம் வந்துவிட்டால் நமது பாடசாலைகளில் ஒரு கடிதம் தவறாமல் வாசிக்கப்படும். ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதியது என்று சொல்லி மேடையில் உருக்கமாக வாசிப்பார்கள். நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் லிங்கனின் எழுத்துக்களைத் தேடித் திரட்டி வெளியிட்ட தொகுதிகளில் அப்படியொரு கடிதமே இல்லை. அவர் எழுதாத கடிதத்தை மனப்பாடமாக அறிந்து வைத்திருக்கும் நாம், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் செய்த தொழிலைப் பற்றி மிகக் குறைவாகவே அறிந்திருக்கிறோம். மரக்குடிசையில் பிறந்தார், ஜனாதிபதியானார், அடிமைகளை விடுவித்தார் என்று மூன்றே வசனங்களில் நமது வாசிப்பு முடிந்துவிடுகிறது. முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் இடையே அவர் ஒரு சட்டத்தரணியாக இருந்தார். அந்த லிங்கனைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

1809 பெப்ரவரி 12 ஆம் திகதி கென்டக்கியில் ஓர் எளிய விவசாயியின் மகனாகப் பிறந்தார். ஏழு வயதில் குடும்பம் இந்தியானாவின் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் தாயை இழந்தார். அதன்பின் வந்த சிற்றன்னை சாரா அவரது வாசிப்பு ஆசையை அணைத்துவிடாமல் காத்தார். பள்ளிக்கூடத்தில் அவர் இருந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் நிரம்பாது. கோடரி பிடித்து வளர்ந்த கை அது.

1831 இல், இருபத்திரண்டு வயதில், இலினோய் மாநிலத்தின் நியூ சேலம் என்ற சிற்றூருக்குத் தனியாக வந்து சேர்ந்தார். கடையில் வேலை செய்தார். பின்னர் ஒருவருடன் கூட்டாகக் கடை போட்டார். கடை நொடித்தது, கடன் மட்டும் மிஞ்சியது. தபாலதிபராக இருந்தார், நில அளவையாளராகவும் இருந்தார். 1834 இல் மாநில சட்டசபைக்குத் தெரிவானபோதுதான் ஜோன் டொட் ஸ்டூவர்ட் என்ற சட்டத்தரணி அவரைச் சட்டம் படிக்கும்படி தூண்டினார். நூல்களையும் கொடுத்துதவினார். அந்த நூல்களுக்காக நியூ சேலத்திலிருந்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகருக்கு ஏறத்தாழ இருபது மைல் தூரம் லிங்கன் நடந்து போய் வந்ததாக அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சட்டக் கல்லூரியும் இல்லை, கற்றுக்கொடுக்க ஆசானும் இல்லை. ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனின் பெருநூலைத் தானே வாசித்து, தானே விளங்கிக்கொண்டார். 1836 செப்டம்பரில் அவருக்குத் தொழில் செய்ய அனுமதி கிடைத்தது.

அடுத்த வருடம் ஏப்ரலில் இரவல் குதிரையில், இரண்டு சேணப் பைகளுடன் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிவந்தார். ஜோஷுவா ஸ்பீட் என்ற இளைஞரின் கடையில் கட்டிலுக்கான மெத்தை, விரிப்புகளின் விலை கேட்டார். பதினேழு டொலர் என்றதும் அவ்வளவு பணம் கையில் இல்லையென்று தயங்கினார். அவரது முகத்தில் தெரிந்த சோகத்தைக் கண்ட ஸ்பீட், கடையின் மேல்மாடியில் தனக்கொரு பெரிய கட்டில் இருக்கிறது, அதிலேயே பங்குக்குப் படுத்துக்கொள்ளலாம் என்றார். லிங்கன் பைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். ஒரு நிமிடத்தில் இறங்கி வந்து, குடிபுகுந்துவிட்டதாகச் சிரித்தபடி அறிவித்தார். அந்தச் சிரிப்பில் தொடங்கிய நட்பு கடைசிவரை நிலைத்தது.

அக்கால இலினோய் ஓர் எல்லைப்புற நாடு. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் புல்வெளி. நடுநடுவே புதிதாக முளைத்த ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் நிரந்தரமாக நீதிபதியை வைத்திருக்க வழியில்லை. ஆகவே நீதிமன்றமே ஊர் ஊராகப் பயணம் செய்தது. வசந்த காலத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் நீதிபதி புறப்படுவார். அவருக்குப் பின்னால் சட்டத்தரணிகள் கூட்டமாகப் போவார்கள். எட்டாவது சுற்று நீதிமன்றம் என்று பெயர்பெற்ற அந்த வட்டத்தில் ஒரு காலத்தில் பதினான்கு மாவட்டங்கள் இருந்தன. முதலில் குதிரையிலும் பின்னர் ஒற்றைக் குதிரை வண்டியிலும் லிங்கன் வாரக்கணக்கில் சுற்றினார். பாலமில்லாத ஆறுகள், சேறு, மோசமான சாப்பாடு, ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பேர் படுக்கும் விடுதிகள் எல்லாம் அந்தப் பயணத்தில் இருந்தன. நீதிபதி டேவிட் டேவிஸ் மட்டும் தனிக் கட்டிலில் படுப்பார். முந்நூறு இறாத்தலுக்கு மேல் நிறை கொண்ட அவருடன் கட்டிலைப் பங்கிட எவராலும் முடியாது!

ஊருக்குள் நுழைந்ததும் மரத்தடியிலோ விடுதித் திண்ணையிலோ கட்சிக்காரர்கள் காத்திருப்பார்கள். காலையில் கதை கேட்டு, மதியம் வழக்காட வேண்டும். நூல்களைப் புரட்ட நேரமில்லை. மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவனே அங்கு சட்டத்தரணி. ஆறடி நான்கு அங்குல உயரமும், குட்டையான காற்சட்டையும், கடிதங்களையும் வழக்குக் குறிப்புகளையும் திணித்து வைத்த நீண்ட தொப்பியுமாக லிங்கன் எழுந்து நின்றால் ஜூரிகளாக அமர்ந்திருக்கும் விவசாயிகளுக்குத் தங்களில் ஒருவர் பேசுவதுபோல் இருக்கும். எதிர்த்தரப்பு சொல்வதில் பத்துக்கு எட்டை அவர் தாராளமாக ஒப்புக்கொண்டுவிடுவாராம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மகிழ்ந்திருக்கும் வேளையில், மீதியிருக்கும் இரண்டில்தான் வழக்கே தங்கியிருக்கிறது என்பதை ஜூரிகள் கண்டுகொள்வார்கள்.

அவரும் அவரது கூட்டாளிகளும் கையாண்ட வழக்குகள் ஐயாயிரத்துக்கு மேல். பெரும்பாலானவை கடன் வழக்குகள்; எஞ்சியவற்றில் வேலித் தகராறு, காணித் தகராறு, அவதூறு, நூற்றுக்கு மேற்பட்ட விவாகரத்து என்று எல்லாமே உண்டு. கட்டணம் பெரும்பாலும் ஐந்து முதல் இருபது டொலர் வரை. மூன்றாவது கூட்டாளியான வில்லியம் ஹேர்ண்டனுடன் வந்ததைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார். ஏழைகளிடம் குறைவாக வாங்கியவர் என்பதற்காக எல்லோரிடமும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. இலினோய் மத்திய ரயில்வே கம்பனிக்காக ஒரு பெரிய வரி வழக்கை வென்று கொடுத்தபோது, தனது ஐயாயிரம் டொலரைப் பெற அந்தக் கம்பனிமீதே வழக்குத் தொடர்ந்தவரும் அவர்தான். எல்லா வழக்கிலும் வென்றவரும் அல்லர். 1839 இல் அவர் வாதாடிய வில்லியம் ஃபிரெய்ம் என்ற இளம் தொழிலாளி கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டான். அப்போது லிங்கனுக்கு வயது முப்பது.

இந்த ஐயாயிரத்துக்குள் இரண்டே இரண்டு வழக்குகள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டன. இரண்டும் இரு பெண்களைப் பற்றியவை.

முதலாமவள் நான்ஸ். கறுப்பினப் பெண். இலினோய் நிலப்பகுதியில் அடிமைமுறை 1787 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆயினும் ஒப்பந்த வேலையாள் என்று பெயரை மாற்றி, அதே கொடுமையைப் பலர் தொடர்ந்து செய்தார்கள். நான்ஸ் அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொள்ளவேயில்லை. எந்த ஒப்பந்தத்துக்கும் தான் சம்மதிக்கவில்லை என்று நின்றாள். 1828 இல் அவளது பெயரிலேயே ஒரு வழக்கு மாநில உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்களே நீதிமன்றம் ஏற அஞ்சிய காலத்தில், தன் உடல் தனக்கே உரியது என்று வழக்குப் பேச ஒரு கறுப்பினப் பெண் துணிந்தாள் என்பதை வாசித்தபோது, லிங்கனைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு இவளைப் பற்றியே எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

அவளை வைத்திருந்த குரோம்வெல் என்பவர் அவளைப் பீக்கின் ஊரைச் சேர்ந்த டேவிட் பெய்லி என்பவருக்கு விற்றார். பெய்லி பணத்துக்குப் பதிலாகக் கைச்சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் சட்டப்படி விற்கத்தக்கவள் என்பதற்கான ஆவணங்களைக் குரோம்வெல் பின்னர் தர வேண்டும் என்பது பேச்சு. ஆவணம் வரவில்லை. குரோம்வெல்லும் இறந்துவிட்டார். நான்ஸ் தன்பாட்டில் வெளியேறினாள். அப்போது குரோம்வெல்லின் சொத்துக்குப் பொறுப்பானவர்கள் கைச்சீட்டுப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் பெய்லி தோற்றார். 1841 இல் லிங்கன் அதனை மேன்முறையீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

வெளிப்பார்வைக்கு இது வெறும் கடன் வழக்கு. இரு வெள்ளையர் தரப்புகளுக்கிடையிலான பணப் பிரச்சினை. லிங்கன் அதன் அடிவேரைப் பிடித்தார். இலினோயில் ஒரு மனிதர் சுதந்திரமானவர் என்றே சட்டம் முதலில் கொள்ள வேண்டும். அல்ல என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கவில்லையென்றால் நான்ஸ் சுதந்திரமானவள். சுதந்திரமான மனுஷியை விற்க முடியாது. விற்கவே முடியாத ஒன்றுக்கு எழுதிய கைச்சீட்டும் செல்லாது. இதுதான் வாதத்தின் ஓட்டம். நீதிமன்றம் அதனை ஏற்றது. நிறம் எதுவாயினும் இம்மாநிலத்தில் ஒவ்வொருவரும் சுதந்திரமானவர் என்பதே தொடக்க அனுமானம் என்று தீர்ப்பு எழுதப்பட்டது. ஒரு கடன் சீட்டின் வழியாக நான்ஸின் விடுதலை சட்டத்தின் ஏட்டில் ஏறியது.

இந்த வழக்கோடு நிறுத்திவிட்டால் அழகான கதை. பலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள்.

ஆறு வருடங்கள் கழித்து, 1847 ஒக்டோபரில், கோல்ஸ் மாவட்டத்து நீதிமன்றத்தில் ஜேன் பிரையன்ட் என்ற மற்றொரு கறுப்பினப் பெண்ணின் விதி விசாரணைக்கு வந்தது. ரொபர்ட் மெட்சன் என்ற கென்டக்கிக்காரருக்கு இலினோயில் ஒரு பண்ணை இருந்தது. பயிர்க்காலத்தில் தன் அடிமைகளை அங்கே கொண்டுவந்து வேலை வாங்குவார். அறுவடை முடிந்ததும் கென்டக்கிக்குத் திருப்பி அனுப்புவார். அவர்கள் தங்குவதற்காக வரவில்லை, கடந்து போகிறவர்கள்தான் என்று காட்டினால் அடிமைத்தனம் நீடிக்கும் என்பது அவரது கணக்கு. ஜேனும் அவளது நான்கு பிள்ளைகளும் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள். அவளது கணவர் அந்தோனி மட்டும் ஏற்கெனவே விடுதலை பெற்றவர். பண்ணை வீட்டை நிர்வகித்த பெண்ணுக்கு ஜேன்மீது கோபம் மூண்டு, அவளையும் பிள்ளைகளையும் தெற்கே விற்றுவிடச் செய்வதாக மிரட்டியபோது அந்தக் குடும்பம் இரவோடிரவாகத் தப்பி ஓடியது. அடிமைமுறையை எதிர்த்த இருவர் அடைக்கலம் கொடுத்தார்கள். மெட்சன் சட்டத்தை நாடினார். தாயும் பிள்ளைகளும் வாரக்கணக்கில் சிறையில் இருந்தார்கள்.

மெட்சனுக்காக வாதாட வந்தவர் ஆபிரகாம் லிங்கன்.

இதனை முதன்முதலில் வாசித்தபோது பெயரை மாற்றி அச்சிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். இல்லை. அடைக்கலம் கொடுத்தவர்களில் ஒருவரான வைத்தியர் ரதர்ஃபோர்ட் தனக்காகப் பேச லிங்கனை அமர்த்த வந்தார். ஆனால் மெட்சன் தரப்பு அதற்கு முன்பே அவரைப் பேசி வைத்துவிட்டது. அதிலிருந்து கழன்றுகொள்ள முயன்றதாகவும், வைத்தியருக்கு ஆள் அனுப்பியதாகவும், கோபமுற்ற வைத்தியர் அதற்குள் வேறொருவரை அமர்த்திக்கொண்டதாகவும் வைத்தியரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். எப்படியிருந்தாலும், வழக்கு நாளில் லிங்கன் எழுந்து நின்றது மெட்சனின் பக்கத்தில்தான். ஜேனும் பிள்ளைகளும் நிரந்தரமாகத் தங்க வந்தவர்கள் அல்லர், பருவகால வேலைக்கு வந்தவர்கள் என்று அவர் வாதிட்டார். நான்ஸுக்காகத் திறந்த கதவை ஜேனுக்கு மூட முயன்ற வாதம் அது.

ஜேன் அங்கே தன் வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியவில்லை. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்வதை அன்றைய இலினோய்ச் சட்டம் தடைசெய்திருந்தது. தன்னையும் தன் நான்கு பிள்ளைகளையும் பற்றி ஆண்கள் மாறி மாறிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே அவளால் முடிந்தது.

லிங்கன் தோற்றார். பண்ணையில் நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் கடந்து போகிறவர்கள் அல்லர் என்று நீதிபதிகள் இருவரும் முடிவுசெய்தார்கள். ஜேனும் பிள்ளைகளும் விடுதலையாகி வெளியே வந்தார்கள். அந்தத் தோல்விக்குச் சில நாட்களில் லிங்கன் காங்கிரஸ் உறுப்பினராக வொஷிங்டனுக்குப் புறப்பட்டார்.

சட்டத்தரணியின் கடமை என்று சொல்லி இதனை எளிதாகக் கடந்துவிடலாம். முதலில் வந்தவருக்குப் பேசுவது அன்றைய வழக்கம், எந்தக் கட்சிக்காரருக்கும் நல்ல வாதம் கிடைக்க வேண்டும் என்று பலர் நியாயம் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. கடன்காரனுக்காக வாதாடுவதும் ஒரு தாயைப் பிள்ளைகளோடு பிடித்துக் கொடுக்க வாதாடுவதும் ஒன்றல்ல. அந்த நாளில் அவர் செய்தது தவறு என்றே நான் எண்ணுகிறேன். அதே வேளை, இந்த ஒரு வழக்கைத் தூக்கிக் காட்டி அவரது பிற்காலத்தையே பொய் என்று சொல்வோரோடும் என்னால் சேர முடியவில்லை. முப்பத்தெட்டு வயதில் ஒருவர் நின்ற இடத்திலேயே ஐம்பத்தைந்து வயதிலும் நின்றார் என்று எந்த நீதியில் சொல்வது?

காங்கிரஸிலிருந்து 1849 இல் திரும்பி, முன்னிலும் ஊக்கமாகத் தொழிலில் இறங்கினார். ஒன்றை நிரூபிப்பது என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள யூக்ளிட்டின் கேத்திர கணிதத்தின் ஆறு நூல்களையும் நாற்பது வயதில் கற்றார். எங்களில் பலர் சாதாரண தரத்தோடு மகிழ்ச்சியாக விடைகொடுக்கும் பாடம்! 1854 இல் கன்சாஸ், நெப்ராஸ்கா நிலங்களுக்கு அடிமைமுறை பரவ வழிவிடும் சட்டம் வந்தபோது மீண்டும் அரசியலுக்கு வந்தார். நீதிமன்றத்தில் பழகிய அதே தர்க்கத்தை, இம்முறை ஒரே பக்கத்தில் மட்டும் நின்று பயன்படுத்தினார்.

அவரது மிகப் பிரசித்தமான வழக்கு 1858 மே மாதம் பியர்ட்ஸ்டவுனில் நடந்தது. நியூ சேலத்தில் வறுமையில் இருந்த நாட்களில் லிங்கனுக்கு உணவளித்து, கிழிந்த ஆடையைத் தைத்துக் கொடுத்தவர் ஹன்னா ஆம்ஸ்ட்ரோங். அவர் இப்போது விதவை. அவரது மகன் டஃப்மீது கொலைக்குற்றம். சம்பவம் 1857 ஓகஸ்ட் 29 ஆம் திகதி இரவு நடந்தது. பதினொரு மணியளவில், நூற்றைம்பது அடி தூரத்திலிருந்து, தலைக்கு மேல் நின்ற நிலவின் வெளிச்சத்தில் டஃப் அடித்ததைக் கண்டதாக முக்கிய சாட்சி சொன்னார். லிங்கன் அவசரப்படவில்லை. தூரம், நேரம், நிலவின் உயரம் எல்லாவற்றையும் அவரைக்கொண்டே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பிறகு பஞ்சாங்கத்தை வரவழைத்தார். அன்றிரவு நிலவு நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் அடைந்துவிட்டது; பதினொரு மணிக்கு அது தலைக்கு மேல் அல்ல, அடிவானத்துக்கு அருகில் இருந்தது. பிறை பார்த்து மாதம் தொடங்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். எட்டாம் ஒன்பதாம் பிறை மஃரிப் நேரத்தில் உயரத்தில் நின்று, நள்ளிரவையொட்டி மேற்கே இறங்கிவிடும். ஜூரிகள் டஃப்பை விடுவித்தார்கள். ஹன்னாவிடம் லிங்கன் ஒரு சதமும் வாங்கவில்லை.

1860 இல் ஜனாதிபதியாகத் தெரிவானார். ஸ்பிரிங்ஃபீல்டை விட்டுப் புறப்படுமுன் அலுவலகத்துக்குப் போய், தன் பெயரும் ஹேர்ண்டனின் பெயரும் எழுதிய பலகையைக் கழற்ற வேண்டாம், திரும்பி வந்து தொழிலைத் தொடரப் போவதாகக் கேட்டுக்கொண்டார்.

1863 ஜனவரி முதலாம் திகதி அவர் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தை வாசித்தால் அதில் மேடைப் பேச்சின் அலங்காரம் எதுவும் இருக்காது. காணி உறுதியைப் போல வரண்டிருக்கும். எந்த மாநிலம், அதில் எந்தப் பகுதி நீங்கலாக, எந்த அதிகாரத்தின் கீழ் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டிருக்கும். நாளை எந்த நீதிமன்றத்திலும் உடைந்துவிடக் கூடாது என்று பயந்து எழுதிய ஒரு சட்டத்தரணியின் கை அதில் தெரிகிறது. யுத்தம் முடிந்தபின் அதுவும் போதாமற் போகலாம் என்று கருதியே, அடிமைமுறையை அடியோடு ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்காக உழைத்தார். 1865 ஏப்ரல் 15 ஆம் திகதி, துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி இறந்தார்.

அந்தப் பிரகடனத்தில், விடுதலை பெற்றவர்களைப் படையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகமும் இருந்தது. அதன் பின்னர் கறுப்பினத்தவரைக் கொண்ட படையணிகள் பல திரட்டப்பட்டன. இலினோயில் திரட்டிய இருபத்தொன்பதாவது படையணியில் வில்லியம் கோஸ்ட்லி என்ற இளைஞன் சேர்ந்தான். அவன் பீக்கின் ஊரைச் சேர்ந்த நான்ஸின் மகன். தாய் விற்கத்தக்கவள் அல்லள் என்று 1841 இல் தீர்ப்பு வந்தபோது அவன் சிறு குழந்தை. லிங்கன் இறந்து இரண்டு மாதங்களின் பின், 1865 ஜூன் மாதத்தில், டெக்சாஸ் மாநிலத்துக்கு அனுப்பப்பட்ட படைகளில் அவனது படையணியும் இருந்தது. விடுதலைச் செய்தி கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடங்களுள் டெக்சாஸும் ஒன்று.